'மின்ட் கண்டிஷன்' என்ற சொல்லுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வருகிற தை மாதம் சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். முதல் சம்பளத்தில் வாங்கிக் கட்டிய எச்.எம்.டி. ஜனதா கடிகாரம் தொலைந்துபோனதைப் பற்றி இன்றும் பேசுவார்கள். அதேபோல ஒன்று வாங்கிக் கொடுக்க நினைத்துக் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடைக்குப் போனேன். ஒரு ஜனதாவை 'மின்ட் கண்டிஷன், டயல் ஒரிஜினல்' என்று 3,500 ரூபாய் சொல்கிறார்கள். கண்ணாடியில் கீறலும் டயலில் மஞ்சளும் விழுந்த இன்னொரு ஜனதா 1,800 ரூபாய். தங்க முலாம் பூசிய ஃபேவர் லூபா என்ற சுவிஸ் கடிகாரம் ஒன்றும் இருக்கிறது. 'செட்டியார் வீட்டுப் பொருள், முழு சர்வீஸ் செய்தது' என்று அதற்கு 9,000 ரூபாய் கேட்கிறார்கள். கடிகாரம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இவற்றில் எதை நம்புவது?"

கடைக்காரர் உங்களிடம் நான்கு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். நான்கும் நான்கு வகை. 'மின்ட்', அதாவது புத்தம் புதிதுபோல் இருக்கிறது என்பது, அவருடைய அபிப்பிராயம். 'டயல் ஒரிஜினல்' என்பது அந்த இடத்திலேயே கண்ணால் சரிபார்க்கக்கூடிய செய்தி. 'சர்வீஸ் செய்தது' என்பது நீங்கள் பார்க்காத ஒரு வேலை; ஆனால் அந்த வேலை நடந்திருந்தால் கடிகாரத்தில் அதன் அடையாளம் இருந்தே தீரும். 'செட்டியார் வீட்டுப் பொருள்' என்பது கடிகாரத்தின் நிலையைப் பற்றிய பேச்சே இல்லை. பழைய கடிகாரம் வாங்குவதில் நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இதுதான்: என் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியதற்கு மட்டும் பணம் கொடுப்பேன்; எட்டாததைச் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுவேன். விற்பவரைப் பொய்யர் என்று நினைக்கத் தேவையில்லை, அவருக்கும் பெரும்பாலும் அது வேறொருவர் சொல்லிக் கொடுத்த செய்திதான்.

கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகம் பேர் மயங்குவது அதில்தான். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கொண்டுவிற்கப் போனவர்கள் சுவிஸ் கடிகாரங்களை வாங்கி வந்ததும், வீடுகளைப் பங்கு பிரித்தபோது பெட்டகத்திலிருந்த சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் வரை வந்து சேர்ந்ததும் உண்மைதான். ஆனால் 'முப்பது வருஷம் யாரும் தொடாமல் இரும்புப் பெட்டியில் இருந்தது' என்பது பித்தளை அண்டாவுக்குப் பெருமை, கடிகாரத்துக்கு எச்சரிக்கை. கடிகாரத்துக்குள் சக்கர அச்சுகளின் முனையில் வைக்கும் எண்ணெய் ஒரு துளியிலும் சிறியது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளில் அது காய்ந்து பிசினாகிவிடும். அந்த நிலையில் சாவி கொடுத்து ஓட விட்டால், பிசினும் தூசியும் சேர்ந்து மயிரிழைபோல் மெல்லிய அச்சு முனைகளை அரைத்துத் தேய்க்கின்றன. ஆகவே பெட்டிக் கதையைக் கேட்டவுடன் சர்வீஸ் செலவை விலையிலிருந்து கழிக்கத் தொடங்குங்கள்.

அடுத்தது 'மின்ட்'. நாணயம் அச்சிடும் அக்கசாலையிலிருந்து அப்போதுதான் வந்த, கை படாத நாணயத்துக்குச் சொல்லும் சொல் அது. எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து பெங்களூரில் 1961-இல் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. அந்தக் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. விற்காமல் கிடந்து யாரும் கட்டாத ஜனதாக்கள் இன்றும் அங்கங்கே இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் சந்தையில் பளபளக்கும் ஜனதாக்களில் பல, கட்டித் தேய்ந்தபின் கேஸை, அதாவது வெளிக்கூட்டை, மெருகேற்றி, குரோம் முலாம் மறுபடி பூசி, டயலைக் கழுவிப் புதிதாக அச்சடித்து, முட்களுக்கு வண்ணம் அடித்து, புதுக் கண்ணாடியும் வாரும் மாட்டியவை. மும்பை போன்ற ஊர்களில் இது ஒரு தனித் தொழில். குற்றமான தொழில் என்று சொல்ல மாட்டேன். புதுப்பித்தது என்று சொல்லி விற்றால் வாங்குபவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. 'மின்ட்' என்று சொல்லி விற்றால்தான் நஷ்டம்.

இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு நல்ல வசதி வாய்த்திருக்கிறது: ஒரே கடையில் இரண்டு ஜனதாக்கள். அந்த 1,800 ரூபாய்க் கடிகாரத்தைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். நகைக் கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு, இரண்டையும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, டயலில் எழுத்தை மட்டும் முதலில் பாருங்கள். ஆலையில் அச்சிட்ட எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். எழுத்தின் உள்வளைவுகள் அடைபடாமல் திறந்திருக்கும். மறு அச்சில் கோடுகள் தடித்து, உள்வளைவில் மை நிரம்பி, ஒரே சொல்லுக்குள் ஓர் எழுத்து மற்றதைவிடக் கனமாகத் தெரியும். பிறகு ஓரத்திலுள்ள நிமிடக் கோடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு ஐந்தாவது கோடும் மணிக்குறியின் நேர் நடுவில் வந்து முடிய வேண்டும். மறு அச்சுக்காரருக்கு இது எளிதில் அமையாது. பன்னிரண்டில் சரியாகப் பொருத்தினால் நாலிலோ எட்டிலோ ஓர் இழை விலகியிருக்கும். முட்கள் நுழையும் நடுத்துளையின் விளிம்பில் வண்ணம் தடித்து உருண்டிருந்தால் அதுவும் தூரிகைபட்ட அடையாளம்தான். சிவப்பு, பச்சை, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் டயலோடு ஜனதா கிடைத்தால் நான் பேரம் பேசவே உட்கார மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டயல், முட்கள், கண்ணாடி, முதுகு மூடி எல்லாம் சேர்ந்து வயதாகியிருக்க வேண்டும். முட்களில் துருப்புள்ளி இருக்க டயல் மட்டும் பால்போல் வெளுத்திருந்தால், அல்லது முதுகு மூடியின் எழுத்துகள் தேய்ந்து மழுங்கியிருக்க முன்பக்கம் மட்டும் கண்ணாடிபோல் மின்னினால், ஏதோ ஒன்று பின்னால் வந்து சேர்ந்தது என்று பொருள். கேஸ் அதிகம் மெருகேற்றப்பட்டதா என்பதை வார் மாட்டும் நான்கு கொம்புகள் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றின் விளிம்புகள் கூர்மை போய் சோப்புக்கட்டிபோல் உருண்டிருக்கும். நான்கும் ஒரே கனத்தில் இருக்காது.

ஃபேவர் லூபாவில் இந்தக் கொம்புகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 1860-களிலேயே இந்தியச் சந்தைக்கு வந்துவிட்ட நிறுவனம் என்பதால் நம் ஊர்ப் பெட்டகங்களில் அதன் கடிகாரங்கள் கிடைப்பதில் வியப்பில்லை. தங்க முலாம் முதலில் போவது கொம்புகளின் முனையிலும், மணிக்கட்டின் வியர்வை படும் அடிப்பக்கத்திலும், விரல் படும் சாவியைச் சுற்றியும்தான். அந்த இடங்களில் பித்தளை எட்டிப் பார்த்தால் அது நேர்மையான தேய்மானம். முனைகள் உருண்டிருந்தும் பித்தளை எங்குமே தெரியவில்லை என்றால் முலாம் புதிது. அதன் முட்களிலோ மணிக்குறிகளிலோ இரவில் ஒளிரும் பூச்சு இருந்தால், கையால் மறைத்து இருட்டாக்கிப் பாருங்கள். 1960-களுக்கு முன்பு அந்தப் பூச்சில் ரேடியம் சேர்த்தார்கள், பிறகு ட்ரிடியம் வந்தது. ரேடியம் பூச்சில் ஒளிரும் பொருள் என்றைக்கோ கெட்டிருக்கும். ட்ரிடியத்தின் அரை ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம் என்பதால் அதுவும் இதற்குள் மங்கியிருக்கும். எனவே அவ்வளவு பழைய கடிகாரம் இருட்டில் நன்றாக ஒளிர்ந்தால் பூச்சு புதிது, 'டயல் ஒரிஜினல்' என்ற பேச்சும் அங்கே முடிந்துவிடுகிறது. ஒளிராத ரேடியமும் கதிர்வீச்சை விட்டுக்கொண்டுதான் இருக்கும். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஆகவே அத்தகைய டயலை வீட்டில் திறந்து சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

இனி 'முழு சர்வீஸ்'. மெஷினை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு சக்கரத்தையும் கழுவி, மறுபடி பூட்டி, உரிய இடங்களில் மட்டும் எண்ணெய் வைப்பதுதான் சர்வீஸ். பிரிக்காமலே மெஷினைப் பெட்ரோலில் முக்கியெடுத்து ஊதிக் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவதற்கும் சிலர் அதே பெயரைத்தான் சொல்வார்கள். அந்தக் கடிகாரம் கடை மேசையில் நன்றாகவே ஓடும். எனவே எப்போது, யார், என்ன செய்தார் என்று கேளுங்கள். முதுகு மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில். உள்ளே திருகுகளின் தலைப்பிளவு சிதைந்திருக்கிறதா, சாவித்தண்டு நுழையும் இடத்தில் துரு இருக்கிறதா, சக்கரங்களைத் தாங்கும் பாலத் தகடுகளின்மேல் விரல்ரேகை பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் உட்புறத்தில் பழைய ரிப்பேர்காரர்கள் ஊசியால் தேதியோ குறியோ கீறி வைப்பது உண்டு. அப்படி இரண்டு மூன்று கீறல்கள் இருந்தால் எனக்கு அந்தக் கடிகாரத்தின்மீது மதிப்புக் கூடும், அவ்வப்போது யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று.

பிறகு சாவி கொடுத்துப் பாருங்கள். நின்றுபோன கைச்சாவிக் கடிகாரத்தில் இருபது முப்பது சுற்றில் ஒரு தெளிவான முட்டு வரும். அதற்குமேல் வற்புறுத்தக் கூடாது. வழியில் மணலை அரைப்பதுபோல் கரகரத்தால் உள்ளே எண்ணெய் இல்லை. சாவியை வெளியே இழுத்து முட்களைத் திருப்பும்போது ஓரளவு எதிர்ப்புத் தெரிய வேண்டும். இந்த ஒன்றைக் கவனிக்காமல் நானே ஏமாந்திருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன்பு ஒருவரிடம் சுவிஸ் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை பஸ் ஏறினேன். வினாடி முள் அழகாக ஓடுவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். திருமயத்தில் பஸ் நின்றபோது கடிகாரம் இருபது நிமிடம் பின்னால் இருந்தது. மெஷினில் குறையில்லை, நிமிட முள் உட்கார்ந்திருக்கும் குழல் தளர்ந்து, சக்கரம் சுற்றினாலும் முள் அதோடு நகராமல் நழுவிக்கொண்டிருந்தது. அன்று கடையில் முட்களைத் திருப்பியபோது வெண்ணெய்போல் வழுக்கியதைச் சிறப்பு என்று நினைத்திருந்தேன்.

கைப்பேசியில், கடிகாரத்தின் துடிப்பை மைக்கில் கேட்டு அளக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜனதாவின் மெஷின் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு ஐந்து. முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க ஒரு நிமிடம், சாவி கீழே பார்க்க ஒரு நிமிடம் என்று அளந்து பாருங்கள். ஒரு நாளைக்கு அரை நிமிடம் கூடுவதோ குறைவதோ இந்த வயதுக் கடிகாரத்தில் நல்ல நிலைதான். இரண்டு கிடக்கைகளுக்கும் இடையே நிமிடக் கணக்கில் வேறுபாடு வந்தாலோ, துடிப்பின் வீச்சு (உள்ளே முன்னும் பின்னும் ஆடும் சமநிலைச் சக்கரம் ஒரு பக்கம் திரும்பும் அளவு) 200 டிகிரிக்குக் கீழே நின்றாலோ சர்வீஸ் நடக்கவில்லை, அல்லது பெயருக்கு நடந்தது. வீச்சைக் கைப்பேசி அவ்வளவு நம்பகமாகக் காட்டாது. ரிப்பேர்காரரிடம் உள்ள, துடிப்பை அளக்கும் டைமிங் மெஷினில் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பல நிமிடங்கள் வேகமாக ஓடும் கடிகாரத்தைப் பார்த்து மட்டும் பயந்துவிட வேண்டாம். காந்தம் ஏறியிருக்கக்கூடும், அதை எடுப்பது சில நிமிட வேலை. திசைகாட்டியின் பக்கத்தில் கொண்டுபோனால் ஊசி ஆடுவதைக் கொண்டே அதைக் கண்டுகொள்ளலாம்.

'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று முதுகில் பொறித்திருந்தால் அது பிறந்தபோது இருந்த குணம். ரப்பர் வளையம் காய்ந்துவிட்ட கடிகாரத்தோடு கை கழுவக்கூட வேண்டாம்.

ஆன்லைனில் வாங்க நேர்ந்தால், பக்கவாட்டு வெளிச்சத்தில் டயலையும், திறந்த முதுகையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கைப்பேசிக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்து இன்று ஒரு படமும், சரியாக ஒரு நாள் கழித்து இன்னொரு படமும் கேளுங்கள். இதற்குச் சலித்துக்கொள்பவரிடம் வாங்காமலிருப்பது நல்லது. நேரில் வாங்கினாலும் 'டயல் ஒரிஜினல், சர்வீஸ் செய்தது' என்ற சொற்களை ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே சொல்கிறது, ஆனால் வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம். எழுதச் சொன்னவுடன் 'ஒரிஜினல் மாதிரிதான் இருக்கிறது' என்று பேச்சு மாறுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

உங்கள் விஷயத்தில் என் தேர்வு அந்த 1,800 ரூபாய் ஜனதா. மஞ்சள் விழுந்த டயல் அநேகமாக ஆலையில் அச்சானதே. கண்ணாடிக் கீறலை மெருகிட்டோ வேறு கண்ணாடி மாற்றியோ சரிசெய்துகொள்ளலாம், டயலை மாற்றச் சொல்லாதீர்கள். சர்வீஸ் நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு ரிப்பேர்காரரிடம் முன்பே கேட்டு, அந்தத் தொகையைச் சொல்லி விலை பேசுங்கள். சாந்தி தை மாதம் என்பதால் கார்த்திகை பிறக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது: பிரித்துக் கழுவிப் பூட்ட ரிப்பேர்காரருக்கு இரண்டு வாரமாவது ஆகும், அதன்பிறகு மார்கழி முழுவதும் நீங்களே காலையில் சாவி கொடுத்துக் கட்டிப் பார்த்து, ஏதாவது குறையிருந்தால் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.