வாடகை மெஷினா, சொந்த மெஷினா: வாசகர் கேள்விகள்

போர்வெல் தண்ணீர்தான். தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் மாதம் 450 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது. அப்பாவோ, "மாசாமாசம் தண்டம் எதுக்கு? 18,000 கொடுத்துச் சொந்தமா வாங்கு" என்கிறார். எது சரி? (மேடவாக்கம் வாசகி)

முதலில், தண்ணீரில் கரைந்த உப்பு முதலியவற்றின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். 500-க்குக் கீழே இருந்து, வேறு மாசும் இல்லையென்றால் ஆர்.ஓ.வே வேண்டாம், கிருமிகளை மட்டும் கொல்லும் யு.வி. மெஷினைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள். 1,200, 1,500 என்று காட்டினால் கணக்கே வேறு. உப்புத் தண்ணீரில் முன்னால் இருக்கும் ஃபில்டர்கள் ஆறு மாதம், ஒரு வருடம்தான் தாங்கும். உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேன் இரண்டு, மூன்று வருடம் உழைத்தாலே பெரிய விஷயம்.

வருடப் பராமரிப்புக்கு 3,500 என்று வையுங்கள். சொந்த மெஷினுக்கு முதல் வருடம் போக நான்கு வருடத்துக்கு 14,000; விலையோடு 32,000. ஐந்து வருட வாடகை 27,000. மெம்பிரேன் மாற்றுவதும் வாடகைக்குள் அடங்கும் என்று எழுத்தில் இருந்தால் வாடகைக்கே எடுங்கள். வாயால் மட்டும் சொன்னால் அப்பா சொல்வதுதான் சரி.

லிட்டர் வரம்பையும் கேளுங்கள். குடிக்க, சமைக்க என நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 லிட்டர் ஆகும். மாதம் 300 லிட்டர் திட்டம் பாதி மாதத்துக்குத்தான் வரும்.

சர்வீஸ் ஆள் வந்தால் உள்ளே வரும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அளக்கச் சொல்லுங்கள். 1,500 உள்ளே போய் 300 வெளியே வந்தால், மெம்பிரேன் தேய்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். ஆனால் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற திருகு திறந்திருந்தாலும் வடிகட்டாத தண்ணீர் கலந்து எண் ஏறும். அதை மூடிவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். புது மெம்பிரேன் போட்ட தேதியை, அது இருக்கும் கூட்டின் (ஹவுசிங்) மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.

வாடகை ஃபிரிட்ஜைத் திருப்பிக் கொடுத்தபோது, எடுக்கும்போதே கதவில் இருந்த நெளிவுக்கு டெபாசிட்டில் 2,000 பிடித்துவிட்டார்கள். (திருச்சி வாசகர்)

எழுத்தில் கேளுங்கள், போனில் பேசியது எதற்கும் உதவாது. எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காகப் பிடித்தார்கள் என்று மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். சரியாக வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வாடகைக்கு எடுத்தவரும் 2019 சட்டப்படி நுகர்வோர்தான், தயங்காதீர்கள்.

அடுத்த முறை, பொருளை இறக்கிய ஆள் கிளம்புவதற்குள் நான்கு பக்கமும், கதவு ரப்பர், உள்தட்டு, சீரியல் எண் ஸ்டிக்கர் என ஒரே வீடியோவாக எடுங்கள். நெளிவை டெலிவரி சலானில் எழுதி அவர் கையெழுத்தையும் வாங்குங்கள்.

வாடகை லேப்டாப்பைத் திருப்பித் தருமுன் ஃபைல்களை அழித்தால் போதுமா?

போதாது. முதலில் உங்கள் ஃபைல்களை நகல் எடுங்கள்; பிரவுசரிலும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் சைன் அவுட் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி வழியாக 'ரீசெட் திஸ் பி.சி.'க்குப் போய் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுங்கள். அங்கேயே 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே 'கிளீன் டேட்டா'வை ஆன் செய்யுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சில மணி நேரம் ஆகலாம், சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

இ.எம்.ஐ.யில் வாங்கிய போனும் வாடகை போலத்தானே?

இல்லை, அது கடன். போன் உடைந்தாலும் தவணை நிற்காது. தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கும்.