வெயில் எட்டாத கடல்கள்: கேள்வி பதில்

வியாழன், சனி கோள்களின் உறைந்த நிலவுகளைப் பற்றி, அவற்றின் ஐஸுக்குக் கீழே இருக்கும் என்கிற கடல்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன், வெள்ளவத்தை மொட்டைமாடியில் பைனாகுலரோடு நிற்பவன். இந்த இரண்டு தகுதியோடுதான் பதில் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை உயர்தர மாணவர்: சேர், வியாழனின் நிலவான யூரோப்பாவின் மேற்பரப்பு மைனஸ் 160 பாகை என்று வாசித்தேன். பிறகு உள்ளே தண்ணீர் எப்படி உறையாமல் இருக்கும்?

தம்பி, ஒரு துண்டு கட்டுக்கம்பி எடும். ஒரே இடத்தில் இருபது தரம் விறுவிறுவென்று வளைத்து நிமிர்த்தி, அந்த இடத்தை உதட்டில் வைத்துப் பாரும். சுடும். அடுப்பும் இல்லை, வெயிலும் இல்லை. உம்முடைய கையின் வேலைதான் சூடாக மாறியது. யூரோப்பாவை வளைக்கிற கை வியாழன். மூன்றரை நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றும் யூரோப்பாவின் பாதை சுத்தமான வட்டம் இல்லை. கிட்ட வரும்போது இழுபட்டு நீளும், எட்டப் போகும்போது தளரும். பாதை வட்டமாகிவிட்டால் இந்தப் பிசைதல் நின்றுவிடும். அப்படி வட்டமாக விடாமல் பிடித்து வைத்திருப்பவை பக்கத்து நிலவுகள்: அயோ நாலு சுற்றுச் சுற்ற யூரோப்பா இரண்டு, கனிமீட் ஒன்று. தாளம் தப்புவதே இல்லை.

வியாழனுக்கு இன்னும் கிட்ட இருக்கும் அயோவின் பாடு இதைவிட மோசம். 1979இல் பீல், கேசன், ரெனால்ட்ஸ் என்ற மூவர், அயோவின் உட்பகுதி உருகியிருக்கும், எரிமலை இருக்கலாம் என்று கணக்குப் போட்டு எழுதினார்கள். சில நாட்களில் வொயேஜர் 1 விண்கலம் எரிமலையையே படம்பிடித்து அனுப்பியது. காலிமுகத்திடலில் எங்கள் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரும் வராது. அயோவில் கல்தரையே 100 மீற்றர்வரை ஏறி இறங்குகிறது.

தெஹிவளை அக்கா: ஒருவரும் துளைத்துப் பார்க்கவில்லையே, கடல் இருக்கிறதென்று எப்படிச் சொல்கிறார்கள்?

கட்டுநாயக்காவில் உலோகம் காட்டும் வாசலால் போயிருப்பீர்கள். வாசலின் மாறும் காந்தப்புலம் உங்கள் திறப்புக்கோர்வையில் மின்னோட்டத்தைத் தூண்டும்; அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும்; வாசல் கத்தும். வியாழனின் காந்தப்புலம் சரிந்திருப்பதால், வியாழன் சுழலச் சுழல யூரோப்பா இருக்கும் இடத்தில் அதன் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. கலிலியோ விண்கலம் 2000 ஜனவரியில் பக்கத்தால் பறந்தபோது, யூரோப்பாவின் மறுமொழியும் அதற்கேற்பத் திசைமாறியிருப்பதைக் கண்டது. வெறும் ஐஸ் அப்படிக் கத்தாது. உப்புத்தண்ணீர் கத்தும். பூமியின் கடல்கள் எல்லாவற்றையும் சேர்த்ததைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் இருக்கலாம் என்பது மதிப்பீடு.

பம்பலப்பிட்டி அம்மா: அங்கே மீன் இருக்கு என்று மகன் அடம்பிடிக்கிறான்.

நுண்ணுயிர் ஒன்று இருந்தாலே நான் வெடி கொளுத்துவேன், அம்மா. மீனைப் பற்றி மகனோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

வத்தளை அன்பர்: வெளிச்சமே இல்லாத இடத்தில் உயிர் எதைத் தின்னும்?

1977இல் கலாபகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில், சுமார் 2,500 மீற்றர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். சுற்றிலும் புழு, சிப்பி எல்லாம் செழித்திருந்தன. அங்கே முதல் சமையல்காரர் பக்டீரியா, அடுப்பு இரசாயனம்.

இந்த இடத்தில் நான் யூரோப்பாவை விட்டுச் சனியின் நிலவான என்செலடஸுக்குத் தாவுகிறேன். என் பந்தயக் காசு அதில்தான். குறுக்களவு 500 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையான எங்கள் தீவின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. 2005இல் கசினி விண்கலம் போய்ப் பார்த்தால், தென்துருவத்து வெடிப்புகளால் ஐஸும் நீராவியும் பீறிட்டுக்கொண்டிருந்தன. துளைக்கவே தேவையில்லை, கடல் தானாக மாதிரி அனுப்புகிறது! கசினி அதற்குள்ளால் பறந்து பிடித்ததில் ஐதரசன் இருந்ததாக 2017இல் அறிவித்தார்கள். அங்கிருந்து வந்த ஐஸ் துகள்களில், உயிருக்கு வேண்டிய பொசுபேற்று இருப்பது 2023இல் தெரியவந்தது.

ஆனால் அந்த ஐதரசனே எனக்கு இடிக்கிறது. நுண்ணுயிருக்கு அது நல்ல சாப்பாடு. சாப்பாடு இவ்வளவு மிச்சம் இருக்கிறதென்றால், பந்திக்கு ஆளே வரவில்லையோ? விஞ்ஞானிகளும் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறார்கள்.

மட்டக்குளி வாசகர்: ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் இருந்துதானே யூரோப்பாவைப் பற்றி எழுதினார்?

ஓம். 1956இல் இலங்கைக்கு வந்தவர், 2008இல் கொழும்பில்தான் கண்மூடினார். யூரோப்பாவின் ஐஸுக்குக் கீழே உயிர் இருப்பதாக 1982இலேயே நாவல் எழுதிவிட்டார். கலிலியோ விண்கலம் புறப்படவே இன்னும் ஏழு வருடம் இருந்தது.

கல்கிசை வாசகர்: முடிவு எப்போது தெரியும்?

அவசரப்படாதீர்கள். நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 ஒக்டோபர் 14இல் கிளம்பியது, 2030 ஏப்ரலில் வியாழனை அடைய வேண்டும். கதிர்வீச்சுக் கடுமை என்பதால் யூரோப்பாவையே சுற்றிக்கொண்டிராமல், 49 தடவை பக்கத்தால் பறந்து பறந்து ஓடும். அது உயிரைத் தேடவில்லை. உயிர் வாழத் தோதான இடமா என்றுதான் பார்க்கப்போகிறது. ஐரோப்பியரின் ஜூஸ் கலம் 2031 ஜூலையில் வரும். அதன் கண் பெரும்பாலும் கனிமீட்டில்.

அதே மாணவர்: கொழும்பிலிருந்து பார்க்கலாமா, சேர்?

யூரோப்பாவைப் பார்க்கலாம். நகர வெளிச்சம் வியாழனை மறைக்காது. சாதாரண பைனாகுலர் போதும், ஆனால் கை நடுங்கும். நான் தண்ணீர்த் தாங்கியில் முழங்கையை ஊன்றித்தான் பார்ப்பேன். வியாழனுக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும், சில நாள் மூன்று, சில நாள் நாலு. பார்த்ததை அப்படியே கொப்பியில் குறித்து வையும். அடுத்த இரவு வரிசை மாறியிருக்கும். எது யூரோப்பா என்று நாலைந்து நாளில் நீரே கண்டுபிடித்து எனக்கு எழுதும்.