சாவ் பாவ்லோவில் சும்மா இருக்கலாமா?

கேள்வி: முதுகுப்பையோடு தென் அமெரிக்கா சுற்றுகிறேன். நடுவில் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் சில நாள் தங்கல். ஊர் ரொம்பப் பெரிது என்று பயமுறுத்துகிறார்கள். ஓடியாடாமல் பொழுதைக் கழிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற ஊர், முழுக்கப் பார்த்துவிடும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். விலா மதலேனா பக்கம் மெட்ரோவுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு ஹாஸ்டல் பிடித்தால், சுவரோவியங்களுக்குப் பேர்போன பேட்மேன் சந்து கூப்பிடு தூரம்தான். தங்கலில் ஒரு ஞாயிறு சிக்கினால் யோகம்! பாலிஸ்டா அவென்யூவில் அன்று பகலில் கார்களுக்கு அனுமதி இல்லை, நடுரோட்டில் சைக்கிள், ஸ்கேட்டிங், ஆளுக்கொரு பக்கம் பாட்டுக் கச்சேரி என்று களைகட்டும், அங்கேயே சிவப்புச் சட்டங்களில் தொங்குகிற மாதிரி நிற்கும் மாஸ்ப் அருங்காட்சியகத்தையும் (இந்தக் கட்டடம் 1968-இல் திறந்தது, லீனா போ பார்டி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது) பார்த்துவிடலாம். பசித்தால் முனிசிபல் மார்க்கெட்டின் மொர்த்தாதெலா (இத்தாலியப் பாணி இறைச்சி சாசேஜ்) சாண்ட்விச். உள்ளே இறைச்சி அடுக்கு விரல்கணக்கு தடிமன், இரண்டு பேருக்கு ஒன்று போதும். சைவமென்றால் பழக்கடைகள் இருக்கின்றன. அப்புறம், தெருவில் நின்று போனில் மேப் பார்க்காதீர்கள், பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஏதாவது கடைக்குள் நுழைந்து பாருங்கள். குவாருல்யோஸ் விமான நிலையத்துக்கு மாலை நெரிசலில் கிளம்பாதீர்கள்.