இறக்கத்தில் பிரேக் எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

சரக்குப் போக்குவரத்து பற்றிய உங்கள் கட்டுரையில், ‘நெடுந்தூர லாரி ஓட்டுநரின் வேலையில் பாதி சக்கரம் உருளாதபோது நடப்பது’ என்று ஒரு வரி வருகிறது. என் தம்பி கனரக உரிமம் எடுத்து ஆறு மாதமாக டிரெய்லர் ஓட்டுகிறான். காலையில் முக்கால் மணி நேரம் வண்டிக்கு அடியிலேயே கிடக்கிறான் என்று கூட ஓட்டுகிறவர்கள் கேலி செய்கிறார்களாம். மலைச்சாலையில் லாரி கவிழ்ந்த செய்தி வரும்போதெல்லாம் ‘பிரேக் பிடிக்காததால்’ என்று எழுதுகிறார்கள். அவனிடம் கேட்டால், ‘பிரேக் அப்படித் திடீர்னு போகாதுக்கா’ என்கிறான். பிறகு எப்படித்தான் போகிறது? வண்டிக்கு அடியில் அவன் எதைப் பார்க்கிறான்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் தம்பி சொல்வது சரி. லாரியின் பிரேக் அழுத்திச் சேர்த்த காற்றால் இயங்குவது. ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற பேச்சில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, காற்று இல்லாமல் போவது. மற்றது, காற்று இருந்தும் பிடிக்காமல் போவது. வெளியில் இருப்பவர்கள் முதலாவதை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஓட்டுநர் பயப்பட வேண்டியது இரண்டாவதற்கு.

லாரி நிற்கும்போது அதைப் பிடித்து வைத்திருப்பது காற்று அல்ல, பின்சக்கரங்களின் பிரேக் சேம்பருக்குள் (காற்றின் அழுத்தத்தைப் பிரேக்கைத் தள்ளும் விசையாக மாற்றும் கூடு) இருக்கும் முரட்டு ஸ்பிரிங். காற்று அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருப்பதால்தான் வண்டி நகர்கிறது. காற்று டேங்கில் அழுத்தம் ஏறத்தாழ 60 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்தத்தின் அளவு) இறங்கும்போதே விளக்கும் பஸ்ஸரும் எச்சரிக்கும். அதையும் கவனிக்காமல் விட்டால் 45-க்கும் 20-க்கும் இடையில் எங்கோ ஸ்பிரிங் தானாக விரிந்து சக்கரத்தைக் கவ்விவிடும். அதாவது காற்று முழுக்கப் போனால் வண்டி ஓடாது, நின்றுவிடும். (அந்த ஸ்பிரிங் சேம்பரைத் தெரியாதவர்கள் கழற்றக் கூடாது. உள்ளே அமுங்கியிருக்கும் விசை ஆளைக் கொல்லும்.)

இறக்கத்தில் நடப்பது வேறு. அங்கே டேங்க் நிறையக் காற்று இருக்கும், மிதி முழுக்க அமுங்கும், வண்டி மட்டும் நிற்காது. காரணம் சூடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லோடோடு 40 டன் எடையுள்ள டிரெய்லர், நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் இறங்கும் சரிவில் 5 கிலோமீட்டர் போகிறது. மொத்தம் 300 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த உயரத்தில் வண்டிக்கு இருந்த ஆற்றல் கீழே வருவதற்குள் எங்காவது போய்ச் சேர வேண்டும். அது எவ்வளவு என்றால், சாதாரண வெப்பநிலையில் உள்ள 400 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற அளவு. டயரும் எதிர்காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்காவிட்டால் அவ்வளவும் சக்கரத்துக்குள் இருக்கும் இரும்பு டிரம்களுக்குத்தான்.

மணிக்கு 50 கிலோமீட்டரில் இறங்கினால் ஏறத்தாழ 325 கிலோவாட் வேகத்தில் சூடு உற்பத்தியாகும். 25-ல் இறங்கினால் அது ஏறக்குறைய பாதி. மொத்தச் சூடு பெரிதாக மாறாது, ஆனால் ஆறுவதற்கு இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது. மெதுவாக இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதன் கணக்கு இதுதான்.

பிரேக் பிடிக்கும்போது டிரம்மின் உட்புறத்தை அழுத்தித் தேய்ப்பது ஷூ. சூடேறினால் டிரம் விரிகிறது, ஷூவை விட்டு விலகுகிறது. ஷூ அதைத் துரத்திப் போய்த் தொட வேண்டும். ஷூவைத் தள்ளுவது சேம்பரிலிருந்து வரும் தண்டு. அந்தத் தண்டின் ஓட்டத்துக்கு எல்லை உண்டு. பரவலாகப் பயன்படும் டைப் 30 சேம்பரில் மொத்தமே இரண்டரை அங்குலம், முழு மிதியில் இரண்டு அங்குலத்தைத் தாண்டினாலே சரிசெய்ய வேண்டும் என்பது கணக்கு. காலையில் குளிர்ந்த டிரம்மில் இரண்டேகால் அங்குலம் போகிற தண்டு அப்போதும் வண்டியை நிறுத்தத்தான் செய்யும். சமதளத்தில் நாள் முழுக்க ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் டிரம் விரிந்ததும் மிச்சமிருந்த கால் அங்குலமும் தீர்ந்து, தண்டு சேம்பரின் அடியில் போய் முட்டி நிற்கும். இதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் ஷூவுக்கு விசை போகாது. சூட்டில் ஷூவின் மேலிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடிமானமும் குறைந்துவிடும். கைபிரேக்கை இழுத்தாலும் பயன் குறைவு, ஏனென்றால் அந்த ஸ்பிரிங்கும் அதே ஷூவை அதே டிரம்மில்தான் அழுத்த வேண்டும்.

ஆகவே பிரேக் இறக்கத்தின் நடுவில் போனதாகச் செய்தியில் வந்தாலும், அது போகத் தொடங்கிய இடம் பெரும்பாலும் காலையில் கிளம்பிய இடம். உங்கள் தம்பி அடியில் கிடந்து பார்ப்பது அதைத்தான்.

அவர் செய்வது அநேகமாக இந்த வரிசையில் இருக்கும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, பார்க்கிங் பிரேக்கை விடுவிப்பார். அது பிடித்திருக்கும்போது தண்டின் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. தண்டையும் ஷூவை விரிக்கும் கேமையும் இணைக்கும் நெம்புகோல்தான் ஸ்லாக் அட்ஜஸ்டர். அது ஒவ்வொன்றையும் கையால் வலுவாக இழுத்தால், தண்டு சேரும் இடம் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ஏர் இறங்குகிறதா என்று பார்ப்பார். டிரெய்லர் கோத்த வண்டியில் பிரேக் விடுபட்ட நிலையில் நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐ, மிதித்துப் பிடித்த நிலையில் 4 பிஎஸ்ஐ. இவற்றுக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. கூடவே லைனிங் கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எண்ணெய் ஏறிய லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

நாள் முடிவில் ஏர் டேங்கின் வால்வைத் திறந்து தண்ணீரை வடிப்பது ஐந்து நிமிட வேலை. கம்ப்ரசர் அழுத்துகிற காற்றில் இருக்கும் ஈரம் டேங்கில் தண்ணீராகச் சேரும், வால்வுகளைத் துருப்பிடிக்கச் செய்யும், குளிர்ப் பகுதியில் உறைந்து வழியை அடைக்கும். வடிகிற தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் கம்ப்ரசர் தேய்கிறது என்று பொருள். ஏர் டிரையர் பொருத்திய வண்டியில் தண்ணீரே வரக் கூடாது. வந்தால் டிரையரின் கார்ட்ரிட்ஜை மாற்றும் காலம் கடந்துவிட்டது.

ஆட்டோமேட்டிக் ஸ்லாக் அட்ஜஸ்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பதுதான் கேலி செய்கிறவர்களின் வாதமாக இருக்கும். அது தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், உண்மைதான். ஆனால் அப்படியும் ஓட்டம் அதிகமாக இருந்தால் வேறு எதுவோ கெட்டிருக்கிறது: கேம் புஷ் தேய்ந்திருக்கலாம், தண்டின் பின் தளர்ந்திருக்கலாம், ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டுப் போவது காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் மாத்திரை போடுவது போல. சில நாளில் பழையபடி தளரும், அதற்குள் ஓர் இறக்கம் வராமலா போகும்?

இனி சாலை. இறக்கத்தின் கியரை உச்சியிலேயே, வண்டி சரியத் தொடங்குமுன்பே போட்டுவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு கீழ் கியருக்கு மாற்ற முயன்றால் அது விழாது. இருந்த கியரும் கழன்று வண்டி நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும், எஞ்சின் தந்துகொண்டிருந்த பிடியும் போய்விடும். ‘ஏறிய கியரிலேயே இறங்கு’ என்ற பழைய வழக்கை இன்றைய வண்டிகளில் அப்படியே நம்பக் கூடாது. எஞ்சின் வலுவாகிவிட்டதால் உயர்ந்த கியரிலேயே ஏறிவிடுகிறது. உராய்வும் காற்றுத் தடையும் குறைந்திருப்பதால் இறங்கும்போது முன்னைவிட வேகமாக ஓடுகிறது. ஏறியதைவிட ஒரு கியராவது குறைத்து இறங்குவது நல்லது. தானே கியர் மாற்றும் வண்டியென்றால் உச்சியிலேயே மேனுவலில் போட்டு வைக்க வேண்டும்.

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மின்னணு இன்ஜெக்ஷன் எஞ்சினில், கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் முற்றிலும் நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரிந்துகொண்டே இருக்கும். ஆக மிச்சமும் இல்லை. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு ஸ்டியரிங் கனத்துப்போகும், கம்ப்ரசர் நின்றுவிடும், ஒவ்வொரு மிதிக்கும் டேங்க் காலியாகிக்கொண்டே வரும்.

1931-ல் டீசல் எஞ்சின் முன்னோடி கிளெஸ்ஸி கம்மின்ஸ் அமெரிக்காவில் கஹோன் கணவாயில் ஒரு லாரியில் இறங்கியபோது கியரும் பிரேக்கும் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை. கீழே ரயில்வே கிராசிங்கில் சரக்கு ரயில் ஒன்று கடந்துகொண்டிருந்தது. மயிரிழையில் தப்பினார். பின்னாளில் அவர் உருவாக்கிய எஞ்சின் பிரேக் 1961-ல் விற்பனைக்கு வந்தது. சாதாரணமாக பிஸ்டன் காற்றை அழுத்தினால், அழுந்திய காற்று பிஸ்டனைத் திரும்பத் தள்ளி வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தந்துவிடும். இந்த ஏற்பாட்டில், பிஸ்டன் மேலே வந்த கணத்தில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து அந்தக் காற்று வெளியே போய்விடுகிறது. இறக்கத்தில் சில லாரிகள் படபடவென்று உறுமுவது அந்தச் சத்தம். எஞ்சின் சுழற்சி அதிகமாக இருக்கும்போதுதான் இதன் பிடி முழுமையாக இருக்கும். இதற்கும் கீழ் கியர்தான் வேண்டும். காலி டிரெய்லரோடு ஈரச் சாலையில் போகும்போது மட்டும் இதை அணைத்துவிட வேண்டும். பிடி முழுவதும் இழுவைச் சக்கரங்களில் மட்டுமே விழுவதால் அவை வழுக்கி, வண்டி மடங்கிப்போகும்.

கால் பிரேக்கை மிதிப்பதிலும் ஒரு முறை உண்டு. சாலைக்கு ஏற்ற வேகம் 40 என்று முடிவு செய்தால், 40-ஐத் தொட்டதும் உறுதியாக மிதித்து மூன்று நொடிக்குள் 32-க்குக் கொண்டுவந்து, முழுக்க விட்டுவிட வேண்டும். மறுபடி 40 வரும்போது மறுபடி. லேசாக மிதித்துக்கொண்டே இறங்குவது பாதுகாப்பு போலத் தோன்றும், ஆனால் அதுதான் கெடுதல். குறைந்த அழுத்தத்தில் எல்லா அச்சுகளின் வால்வும் ஒரே மாதிரி திறப்பதில்லை. ஒன்றிரண்டு அச்சுகள் மட்டும் மொத்தச் சுமையையும் வாங்கி வெந்துபோகும், மற்றவை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். படபடவென்று மிதித்து மிதித்து விடுவதும் கூடாது, அது காற்றைத் தின்னும்.

எல்லாவற்றையும் மீறி வண்டி கையை விட்டுப் போனால், இறக்கச் சாலையில் சரளை நிரப்பிய தப்பிக்கும் பாதை இருக்குமானால் யோசிக்காமல் அதில் ஏற்றிவிட வேண்டும். சரளையில் சக்கரம் புதைந்து வண்டி நிற்கும். கிரேன் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், முதலாளி கத்துவார். பரவாயில்லை.

இறங்கி முடித்ததும் சமதளத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். டிரம் கொதிக்கும்போது பார்க்கிங் பிரேக் போடக் கூடாது, ஆறிச் சுருங்கும் டிரம் ஷூவை நெரித்துக்கொண்டு சேதமடையும். கட்டை போட்டால் போதும். பிறகு ஒவ்வொரு ஹப்புக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கட்டும். மிகச் சூடாக இருப்பதைத்தான் எல்லோரும் தேடுவார்கள். அவர் தேட வேண்டியது குளிர்ந்து கிடப்பதை. அந்தச் சக்கரத்தின் பிரேக் இறக்கம் முழுக்க வேலையே செய்யவில்லை, அதன் பங்கைத்தான் மற்றவை சுமந்திருக்கின்றன. மறுநாள் காலை அடியில் கிடக்கும் முக்கால் மணி நேரத்தை அங்கிருந்து தொடங்கலாம்.