கடவுளை நம்பியும் கவலை விடவில்லையே, என்ன செய்வது?

"தினமும் பிரார்த்தனை செய்கிறேன். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நம்பவும் செய்கிறேன். ஆனாலும் கவலை விடுவதில்லை. என் நம்பிக்கையில்தான் குறையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதே கேள்வியோடு பல இரவுகள் விழித்திருந்தவள் நான்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, பயாப்சி முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. எல்லோரும் தூங்கிய பிறகு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவேன். ஒரு மணி நேரம் வேண்டிவிட்டு எழுந்தால், உட்கார்ந்தபோது இருந்ததைவிடப் பயம் கூடியிருக்கும். ஏன் இப்படி என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். புற்றுநோயாக இருந்தால்? பரவியிருந்தால்? சிகிச்சையை அம்மாவால் தாங்க முடியுமா? இவற்றையே திரும்பத் திரும்பக் கடவுளிடம் ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிரார்த்தனை என்று நினைத்துக் கவலைதான் பட்டிருக்கிறேன்.

அப்போதுதான் பள்ளியில் மனப்பாடம் செய்த ஏழாவது குறள் நினைவுக்கு வந்தது.

தனக்குவமை இல்லாதான் தாள்சேர்ந்தார்க் கல்லால்
மனக்கவலை மாற்றல் அரிது

தனக்கு ஒப்பு இல்லாத இறைவனின் திருவடியைச் சேர்ந்தவர்களுக்கு அல்லாமல் மற்றவர்களுக்கு மனக்கவலையை மாற்றுவது கடினம் என்பது பொருள். பரீட்சைக்குப் படித்தபோது கவனிக்காத ஒன்று அன்று கண்ணில் பட்டது. வள்ளுவர் மனக்கவலையைத்தான் சொல்கிறார், துன்பமே வராது என்று சொல்லவில்லை. நானோ அதுவரை கடவுளிடம் உத்தரவாதம் கேட்டுக்கொண்டிருந்தேன். அது கிடைக்காதபோது கவலை எப்படிக் குறையும்?

அதன் பிறகு வேண்டுகிற விதத்தை மாற்றிக்கொண்டேன். நாளை நான் செய்ய வேண்டியவற்றை முதலில் சொல்வேன்: மருத்துவரிடம் கேட்க வேண்டியதை எழுதி வைப்பது, வேலையில் விடுப்பு சொல்வது, அம்மாவுடன் கூடவே இருப்பது. "இதெல்லாம் என் வேலை, செய்துவிடுகிறேன். மீதி உன்னுடையது." அவ்வளவுதான், எழுந்துவிடுவேன்.

ஐந்து நிமிடத்தில் கவலை திரும்பி வரும். மறுபடி ஒப்படைப்பேன். ஓர் இரவில் இருபது முறைகூடச் சொல்லியிருப்பேன். ஆரம்பத்தில், நம்பிக்கை இருந்தால் ஒருமுறை சொன்னதே போதுமே என்று வருத்தப்பட்டேன். அப்புறம், இப்படி ஒவ்வொரு முறையும் திரும்பக் கொடுப்பதே பிரார்த்தனைதான் என்று எடுத்துக்கொண்டேன். உங்களுக்கும் கவலை திரும்பி வந்தால், நம்பிக்கை போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

வைணவத்தில் சரணாகதியை விளக்க இரண்டு குட்டிகளைச் சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். வைணவத்தின் ஒரு பிரிவினரான வடகலையார் சொல்வது அது. பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய்தான் கவ்விக்கொண்டு போகும். அது இன்னொரு பிரிவினரான தென்கலையார் சொல்வது. எது சரி என்று சொல்கிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. எனக்கு இரண்டுமே தேவைப்பட்டன. பகலில் ஓடி ஓடிப் பற்றிக்கொண்டேன். இரவில் சும்மா கிடக்கப் பழகினேன்.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். கேட்டதும் அழுதேன். ஆனால் காத்திருந்த நாட்களில் வராத தூக்கம் அன்று இரவு வந்தது. அறுவை சிகிச்சை, கீமோ என்று நீண்ட அந்தக் காலம் முழுவதும் பயம் வந்து வந்து போனது, என்னோடு குடியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, வேலை ஓடவில்லை என்றால் மருத்துவரையும் பாருங்கள். அதனால் கடவுள் மேல் உள்ள நம்பிக்கை குறைந்துவிடாது.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதற்கு முந்தைய இரவு எனக்கு இப்போதும் விழிப்பு வந்துவிடும். எழுந்து, அம்மாவின் ஃபைல் பையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். "மீதி உன்னுடையது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வேன்.