பகலில் எரியும் விளக்கு

கேள்வி: எங்கள் ஹாலுக்கு அடர்த்தியான சாக்லேட் பிரவுன் அல்லது அரக்கு நிறம் அடிக்க ஆசை. நான்கு சுவருக்கும் அதே நிறம், சீலிங்குக்கு மட்டும் பளிச் வெள்ளை. ஜன்னல் ஒன்றுதான். 72 வயது மாமியார் இருட்டாகிவிடும் என்கிறார். பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறவர் அவர்; எதற்கும் குறை சொல்வார். இரண்டில் எந்த நிறம்? அதற்கு எது ஜோடி சேரும்?

பதில்: பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிறார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டி உங்கள் கடிதத்தில் கண் நகரவில்லை. அந்த ஹாலில் வெளிச்சம் போதவில்லை என்று அவர் தினமும் சுவிட்சைத் தட்டிச் சொல்கிறார். உங்களுக்கு அது குறை சொல்வதாகப் படுகிறது.

வயது ஏற ஏறக் கண்ணின் பாப்பா சுருங்கும், உள்ளிருக்கும் வில்லை மஞ்சளாகும். 20 வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேரும். உங்கள் மாமியாருக்கு 72. அவருடைய கண்ணைக் கடைசியாக எப்போது டாக்டரிடம் காட்டினீர்கள்? கண்புரைகூட இருக்கலாம். பெயின்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள். பகல் முழுக்க அந்த ஹாலில் இருக்கப்போகிறவர் அவர். வீட்டில் ஒரு சுவரின் நிறத்தை, அதன் முன்னால் அதிக நேரம் உட்காருகிறவரைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, நிறத்துக்கு வருகிறேன். அடர் நிறத்தில் தப்பில்லை, நான்கு சுவருக்கும் அடிப்பதுதான் தப்பு. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்தான் வெளிச்சத்தை அறைக்குள் திருப்பி அனுப்புகிறது. அதை அடர் நிறமாக்கினால் வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஜன்னல் இருக்கிற சுவரும் வேண்டாம். இருண்ட சுவருக்கு நடுவே ஜன்னல் மட்டும் பளீரென்று இருந்தால் வயதான கண் கூசும். மிச்சம் இருப்பவை பக்கச் சுவர்கள். அதில் ஒன்றே ஒன்று போதும்.

அரக்கு வேண்டாம். மங்கிய வெளிச்சத்தில் சிவப்புதான் முதலில் கறுத்துப்போகும். ஆறு மணிக்கு மேல் உங்கள் சுவர் கறுப்பாகத்தான் தெரியும். பிரவுனிலேயே செங்கல் சாயல் கலந்ததாக, நீங்கள் நினைத்ததைவிட ஒரு படி இளசாகத் தேர்ந்தெடுங்கள். மற்ற மூன்று சுவருக்கும் சீலிங்குக்கும் மஞ்சள் சாயல் மெல்ல எட்டிப்பார்க்கும் வெள்ளை. நீலம் ஓடும் பளிச் வெள்ளையைப் பிரவுன் பக்கத்தில் வைத்தால் பிரவுன் அழுக்காகத் தெரியும். நிறங்களுக்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு. வெளிச்சத்தை எவ்வளவு திருப்பித்தரும் என்பதை 0 முதல் 100 வரை சொல்வது. கடையில் கேட்டால் சொல்வார்கள். மூன்று சுவருக்கும் 75க்கு மேல் பாருங்கள்.

அந்தப் பிரவுன் சுவரை ஒட்டிப் பிரவுன் சோபாவைப் போட்டுவிடாதீர்கள். இருக்கையின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் உட்காரப்போய் விழுகிறவர்கள் உண்டு. சுவிட்ச் பலகை வெள்ளையாகவே இருக்கட்டும், கைக்குச் சட்டென்று அகப்படும்.

பெயின்ட் மேட் ரகமாக இருக்கட்டும். பளபளப்பு ரகம் சுவரின் மேடு பள்ளத்தையெல்லாம் காட்டும், பல்பின் ஒளியையும் கண்ணில் அடிக்கும். மேட் சுவரில் நாற்காலி உரசினால் தடம் விழும்தான், நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள். அடர் நிறத்துக்கு அடியில் சாம்பல் கலந்த ப்ரைமர் அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மூன்றாவது கோட் அடித்தாலும் திட்டுத்திட்டாகத் தெரியும். பல்பு டப்பாவில் ஒளியின் சாயலைக் கெல்வின் என்ற எண்ணில் போட்டிருப்பார்கள். 6500 என்றால் நீலம் ஓடும் வெள்ளை ஒளி, அதில் பிரவுன் செத்துப்போகும். மஞ்சள் ஒளி தரும் 2700, 3000 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மாமியாரின் நாற்காலி அருகே, பல்பு நேராகக் கண்ணில் படாதபடி மூடியுள்ள படிப்பு விளக்கு ஒன்று தனியாக.

இவ்வளவுக்கும் முன்னால், இரண்டடிக்கு இரண்டடி வெள்ளை அட்டையில், ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் தெரிவது உண்மையான நிறம் இல்லை. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பக்கச் சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். பக்கத்தில் மாமியாரை உட்காரவைத்து, செய்தித்தாளைக் கையில் கொடுத்து, அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பெயின்ட் வாங்குவதெல்லாம் அப்புறம்.