'மீட்டார்' என்றாலே ரிகவர்தானா?

கேள்வி: தனியார் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காய்ச்சல் விடுப்பு முடிந்து போனபோது 'ஐ வாஸ் ரிகவர்ட் ஃபீவர்' என்று மெயில் எழுதினேன். மேலாளர் தவறு என்றார், காரணம் சொல்லவில்லை. கொஞ்ச நாளில், எனக்குக் கூடுதலாக வந்துவிட்ட சம்பளத்தை 'ரிகவர்' செய்யப்போவதாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அகராதியில் ரிகவர், ரீகெய்ன், ரிட்ரீவ், ரிக்கூப், ரிக்ளெய்ம் எல்லாவற்றுக்கும் 'திரும்பப் பெறு' என்றே போட்டிருக்கிறார்கள். எதை எங்கே எழுதுவது?

பதில்: தமிழில் நோயிலிருந்து 'மீண்டார்' என்போம், நகையை 'மீட்டார்' என்போம். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. நாம் யோசிக்காமலே சரியாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரிகவர் என்ற ஒரே வினைதான். எது எந்தப் பொருள் என்பதை அடுத்து வரும் சொல் காட்டிக்கொடுக்கும். ரிகவருக்குப் பின்னால் நேரடியாக ஒரு பெயர்ச்சொல் வந்தால் 'மீட்டார்'. உடனே 'ஃப்ரம்' வந்தால் பெரும்பாலும் 'மீண்டார்'.

இப்போது உங்கள் மெயிலைப் பாருங்கள். ஃபீவருக்கு முன் ஃப்ரம் இல்லாததால், போன காய்ச்சலைத் திரும்பப் பெற்றேன் என்பதுபோல ஆகிவிட்டது. 'வாஸ்' போட்டதும் தேவையில்லாதது. 'ஐ ஹேவ் ரிகவர்ட் ஃப்ரம் த ஃபீவர்' என்று எழுதுங்கள். 'ஐ ஆம் ஃபுல்லி ரிகவர்ட் நௌ' என்பதும் சரிதான். அங்கே ரிகவர்ட் உங்கள் இப்போதைய நிலையைச் சொல்கிறது. முழுதாகக் குணமாகவில்லை, வீட்டில் ஓய்வெடுத்துத் தேறிவருகிறீர்கள் என்றால் ரிக்யூப்பரேட் பொருந்தும். ஜலதோஷம், அதிர்ச்சி, காதல் முறிவு போன்றவற்றுக்குப் பேச்சில் கெட் ஓவர் என்பார்கள். அலுவலகக் கடிதத்தில் அது வேண்டாம்.

மனிதர்களைப் பற்றி எழுதும்போது ரிகவரில் ஓர் ஆபத்து இருக்கிறது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிணற்றில் விழுந்த சிறுவனைத் தீயணைப்பு வீரர்கள் உயிருடன் தூக்கினாலும் 'மீட்டனர்' என்கிறோம், சடலத்தை எடுத்தாலும் 'மீட்டனர்' என்கிறோம். ஆங்கிலத்தில் உயிரோடு காப்பாற்றினால் ரெஸ்க்யூ. ரிகவர் என்றால் உடலை எடுத்தார்கள் என்றே படிப்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலச் செய்தியில், ரெஸ்க்யூ ஆபரேஷன் ரிகவரி ஆபரேஷனாக மாறிவிட்டது என்று வந்தால், உயிரோடு இருப்பார்கள் என்ற நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம். 'த பாய் வாஸ் ரிகவர்ட் ஃப்ரம் த வெல்' என்று நீங்கள் எழுதினால், பிழைத்த பையனின் வீட்டார் படிக்கும்போது நெஞ்சு பதறும்.

பொருட்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. திருடனிடமிருந்து போலீஸ் நகையை மீட்டால் ரிகவர். இஸ்ரோ 2007 ஜனவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு விண்கலனை அனுப்பி, ஜனவரி 22 அன்று வங்காள விரிகுடாவில் இறக்கி மீட்டது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ரிகவரி என்ற சொல் இருக்கிறது. சில சமயம் யார் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதும் வினையை மாற்றும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் சிலை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தது. அது 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆஸ்திரேலியா செய்தது ரிடர்ன், இந்தியா செய்தது ரிகவர். கையை விட்டுப் போனதை யார் பெறுகிறாரோ அவர்தான் ரிகவருக்கு எழுவாய்.

ரிட்ரீவ் இதற்கு மிக நெருங்கிய சொல். எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒன்றைப் போய் எடுத்துவருவதற்கு அது இயல்பாக வரும். வேட்டையில் சுட்ட பறவையை எடுத்துவரப் பழக்கிய நாய்க்கு ரிட்ரீவர் என்று பெயர் வந்தது அதனால்தான். கணினியில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. ஹார்ட் டிஸ்க் பழுதாகி அழிந்த கோப்பைக் கொண்டுவருவது டேட்டா ரிகவரி. சேமித்து வைத்ததைத் தேடி எடுப்பது ரிட்ரீவல். பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்குவது ரீஸ்டோர்.

ரீகெய்ன் பெரும்பாலும் கையில் பிடிக்க முடியாதவற்றுக்கு: தன்னம்பிக்கை, கட்டுப்பாடு, சமநிலை, ஆட்சி, பட்டம். விஸ்வநாதன் ஆனந்த் 2000-ல் உலக சாம்பியன் ஆனார், 2002-ல் பட்டம் கைவிட்டுப் போனது, 2007-ல் மறுபடி பிடித்தார். இந்த இடத்தில் எனக்கு முதலில் தோன்றும் வினை ரீகெய்ன்தான். இதில் நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'அவருக்கு நினைவு திரும்பியது' என்பதில் நினைவுதான் எழுவாய். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'ஹிஸ் கான்ஷியஸ்னஸ் கேம் பேக்' என்று எழுதினால் இயல்பாக இருக்காது. 'ஹி ரீகெய்ண்ட் கான்ஷியஸ்னஸ்' என்று ஆளை எழுவாயாக்குங்கள்.

ரிக்ளெய்மில் உரிமை கோரும் தொனி இருக்கிறது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கும் அதே சொல். மும்பையின் நாரிமன் பாயிண்ட் அப்படி உருவான பகுதி.

அப்புறம் பணம். 'போட்ட காசை எடுத்துட்டார்' என்று வியாபாரத்தில் சொல்கிறோமே, அதுதான் ரிக்கூப். முதலீடு, செலவு, நஷ்டம் ஆகியவற்றோடு சேரும், காய்ச்சலோடு சேராது. அடகு வைத்த நகையை மீட்பதற்கு ரிடீம் என்று எழுதுங்கள். நகை தொலைந்துபோகவில்லை, கடனைக் கட்டி ஈட்டிலிருந்து விடுவிக்கிறோம். தமிழ் பைபிளில் 'மீட்பர்' என்று வரும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ரிடீமர் என்று இருப்பதும் இந்த வினையிலிருந்துதான்.

உங்களுக்கு வந்த கடிதத்தில் ரிகவர் என்பது பிடித்தம், அவ்வளவுதான். அரசு அலுவலகங்களில் 'ரிகவரி போட்டுட்டாங்க' என்று சொல்வதும் இதையே. இங்கே ஃப்ரம் வந்தாலும் 'மீண்டார்' ஆகாது, ஏனென்றால் ரிகவருக்கும் ஃப்ரமுக்கும் நடுவில் பணம் இருக்கிறது: 'வீ வில் ரிகவர் த அமவுண்ட் ஃப்ரம் யுவர் சேலரி'. இப்படி வாக்கியத்தை முழுதாகப் பார்த்தால் குழப்பம் வராது. பதில் எழுதுமுன் எந்த மாதம், எவ்வளவு கூடுதலாக வந்தது என்று சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை சரிதான், ஆனால் ஒரே மாதத்தில் பிடித்தால் சிரமம் என்றால், 'ஐ ரிக்வெஸ்ட் தட் த அமவுண்ட் பி ரிகவர்ட் இன் இன்ஸ்டால்மெண்ட்ஸ்' என்று எழுதிக் கேளுங்கள். பணம்தான் பிடிக்கப்படுகிறது என்பதால், இந்த வாக்கியத்தில் 'பி ரிகவர்ட்' என்று செயப்பாட்டு வினையில் எழுதுவது சரி.